வீட்டு ஆளுகிட்ட சொன்னது

ஏன் சேந்தீகன்னுதானே கேக்குறீக? கேளுங்க தாயி, நல்லாக் கேளுங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். கட்டில்ல உக்காருங்க. போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டா நான் பேசுறதெல்லாம் அதுல ஏறிருமா? ஏறட்டும். நான் ஒளிச்சுப் பேசுற ஆளு இல்ல. இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக, தவமணி வயித்துல ஒரு சொல்லு தங்காதுன்னு.

எழுதுறதுக்காக ஊருக்குள்ள நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் வந்திருப்பீக. குவாரிய எதுத்து ஏன் சேந்தீகன்னு கேட்டா எல்லாரும் தண்ணி, காத்து, வருங்காலம்னு சொல்லியிருப்பாக. கூட்டத்துல பேசிப் பேசி அப்படியே பழகிப்போச்சு. நான் உள்ளதைச் சொல்றேன். தையக்கடை ரெஜினா சேந்தது அவ புருசனுக்காக. மலையில கல்லு உடைக்கப் போன மனுசன், நாப்பது வயசு தாண்டல, நெஞ்சு பூராம் தூசி அடைச்சு, உக்காந்தபடியே மூச்சு வாங்கிச் செத்தாரு. படுத்தா மூச்சு முட்டும். அஞ்சு மாசம் அந்த மனுசன் படுக்கவே இல்ல. ஆடு மேய்க்கிற செல்லக்கண்ணு சேந்தது கன்னிமாருக்காக. மலை உச்சியில ஏழு கல்லு இருந்துச்சு, அவன் கும்பிடுற சாமி. ஒரு நா நாலு மணி வெடி போட்டு, புழுதி அடங்குனப்புறம் பாத்தா கல்லையும் காணோம், உச்சியையும் காணோம். பழைய வார்டு மெம்பர் ஒருத்தரு சேந்தாரு. அவருக்கு மலையும் இல்ல மண்ணும் இல்ல, போன எலெக்சன்ல குவாரிக்காரர் மச்சினன்கிட்டத் தோத்த வயித்தெரிச்சல்.

நான் எதுக்குச் சேந்தேன்? என் மருமகளைக் காவல் காக்கச் சேந்தேன். சிரிக்கிறீக. நெசந்தான் தாயி.

மருமக பேரு சுகந்தி. என் மகன் குமரேசன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவான். வீட்டுல நானு, அவ, பேத்தி கனிஷ்கா, மூணே பேரு. போன வருசம் ஆடி மாசம், புள்ளை தொட்டில்ல தூங்குது, நாலு மணிக்கு வெடி. அன்னைக்குச் சங்கு ஊதல. எப்பவும் சங்கு ஊதிட்டுத்தான் வெடி வைப்பாக, அன்னைக்கு ஊதல. வீடு ஒரு குலுக்குக் குலுக்குச்சு. மேல தளத்துல இருந்து ஒரு பத்தை காரை பேந்து விழுந்துச்சு. இட்லி அகலம்தான் இருக்கும். புள்ளை மேல படல. தலைமாட்டுலதான் விழுந்துச்சு. தொட்டில் துணி கிழிஞ்சுச்சு, அம்புட்டுத்தான். புள்ளை முழிச்சுக்கூடப் பாக்கல.

நான் வெளக்குமாத்தை எடுத்துக் கூட்டப் போனேன். சுகந்தி என் கையைப் பிடிச்சுட்டா. அந்தக் காரைய எடுத்து ஒரு துணியில முடிஞ்சுக்கிட்டு, மறுநா தாலுகா ஆபீசுக்குப் போனா. அங்க ஒருத்தன் அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு, பழைய வீடுன்னா காரை விழத்தான் செய்யும்னானாம். அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. அன்னையில இருந்து பொழுது சாஞ்சா ரெஜினா கடையில போய் உக்காந்துக்கிட்டா.

புருசன் ஊர்ல இல்லாத புள்ளை, சாயங்காலம் ஆனா வெளிய போனா ஊரு என்ன சொல்லும்? நான் ஒண்ணும் சந்தேகப்படுற ஆளு இல்ல. ஆனாலும் பாத்துக்கிறணும்ல. ஒரு சட்டைத் துணியைத் தூக்கிக்கிட்டு, தைக்கக் குடுக்குற மாதிரி நானும் போனேன். உள்ள பதினஞ்சு பேரு. நான் நிலைப்படியில நிக்குறேன். சுகந்தி எந்திரிச்சு, எங்க அத்தைதான்னு சொல்லி, அவ உக்காந்திருந்த நாற்காலிய எனக்குப் போட்டா.

அம்பத்தாறு வயசு எனக்கு. இந்த ஊர்ல பொறந்து இந்த ஊர்லயே வாக்கப்பட்டவ. அது நா வரைக்கும் ஒரு கூட்டத்துல எனக்கு யாரும் நாற்காலி போட்டது இல்ல. கல்யாண வீட்டுல கூடச் சமையக்கட்டுலதான் நிப்பேன். ரெஜினா கேட்டா, அக்கா உங்க கெணறு எப்ப வத்துச்சுன்னு. நான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப எத்தனை ஆள் ஆழத்துக்குத் தண்ணி நின்னுச்சு, எந்த வருசம் மோட்டாரை எறக்குனோம், எந்த வருசம் அதையும் வித்தோம், எல்லாத்தையும். அரை மணி நேரம் பேசியிருப்பேன். ஒருத்தர் குறுக்க வாயைத் தொறக்கல. அந்தப் பழைய மெம்பரு நோட்டுல எழுதுறாரு. நான் பேசுறதை எழுதுறாரு தாயி. வீட்டுக்கு வந்து சோறு எறங்கல எனக்கு. இன்னும் ரெண்டு சேதி சொல்லாம வந்துட்டமேன்னு இருந்துச்சு. மறுநா சுகந்திக்கு முன்னாடி நான் போய் நின்னேன்.

வேலை என்னன்னா, குவாரிக்கு அந்த அக்டோபரோட அனுமதி முடியுது. அவுக இன்னும் முப்பது ஏக்கரு கேக்குறாக, கம்மாய்க்கரை வரைக்கும். அக்டோபர் ரெண்டாம் தேதி கிராம சபை. அதுல ஊரு கூடி வேணாம்னு தீர்மானம் போட்டா கோர்ட்டுல பேசுறதுக்குப் பிடி கிடைக்கும்னு ஒரு வக்கீலு சொல்லியிருந்தாரு. அதுக்கு வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கணும், அன்னைக்கு ஆளைத் தெரட்டணும். நான் போகாத வீடு இல்ல. என்னைக் கண்டா யாரும் கதவைச் சாத்த மாட்டாக. சுகந்தி சட்டம் பேசுவா, நான் சாணி மெழுகுற கதை பேசுவேன். கையெழுத்து என் பேச்சுக்குத்தான் விழுந்துச்சு. அவளே சொன்னா, அத்தை இல்லாட்டி பாதி கூடத் தேறியிருக்காதுன்னு. அதெல்லாம் அப்பச் சொன்னது.

இதுல தனபாண்டியப் பத்தி ஊர்ல உங்ககிட்ட என்னமாச்சும் சொல்லியிருப்பாக. அதையும் நானே சொல்லிர்றேன். தனபாண்டி என் அண்ணன் மகன். அண்ணனும் அண்ணியும் ஒரே வருசத்துல போய்ட்டாக, அப்ப அவனுக்குப் பதினோரு வயசு. இந்த வீட்டுலதான் வளந்தான். என் மகனுக்கு ஒரு தட்டு, அவனுக்கு ஒரு தட்டு, ஒரு நா பேதம் பாத்தது இல்ல. இப்பக் குவாரியில சூப்பர்வைசர். லாரி, வெடி, ஆளு எல்லாம் அவன் கையில. வேலைக்குப் போற எடம் அது, அதுக்கு அவன் என்ன செய்வான்? எங்க போனாலும் ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுக்கு வந்துருவான். கருவாட்டுக் குழம்புன்னா உசுரு. சாப்புட்டுட்டு இந்தா நீங்க உக்காந்திருக்கீகளே, இதே கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, சொல்லுங்கத்தை, ஊர்ல என்ன விசேசம்னு கேப்பான். என் மகனுக்கு போன்ல பேசுனா, சரிம்மா வைக்கவாம்மாங்கிறதுதான் தெரியும். இவன் அப்படி இல்ல. கேப்பான். கடைசி வரைக்கும் கேப்பான்.

நான் கூட்டத்துக்குப் போறதை அவன்கிட்ட மறைக்கல. எதுக்கு மறைக்கணும்? அவன் கோவிக்கக்கூட இல்ல. போங்கத்தை, ஊருக்கு நல்லதுதானேன்னான். மொதலாளி வேற, நான் வேறன்னான். சுகந்திக்குத்தான் அவன் வர்றது பிடிக்காது. அவன் வந்தா அடுப்படிய விட்டு வெளிய வரமாட்டா. சோத்தைப் போட்டு வச்சுட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிருவா. சொந்தத்தை மதிக்கத் தெரியாத புள்ளை. அதை நான் அப்பயே கண்டிச்சிருக்கணும்.

நானூத்திச் சொச்சம் கையெழுத்து வாங்கியிருந்தோம். ரெண்டு நோட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை தனபாண்டி கேட்டான், மழைக்காலமா இருக்கே அத்தை, காகிதமெல்லாம் நனையாம எங்க வச்சிருக்கீகன்னு. பாருங்க, அவனுக்குத்தான் அந்த அக்கறை வந்துச்சு. ரெஜினா கடையில, மிஷினுக்கு அடியில தகரப் பெட்டியில பூட்டி வச்சிருக்குப்பா, நனையாதுன்னேன். புதங்கிழமை விடியக்காலம் கடை பத்திக்கிச்சு. ரெண்டு மிஷினு, கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்திருந்த பட்டுத்துணி, நோட்டு, எல்லாம் சாம்பலு. கரண்டுக் கோளாறுன்னாக. ரெஜினா இஸ்திரிப் பெட்டியப் பிடுங்காமலே கடையப் பூட்டுவா, நானே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். அவ இல்லவே இல்லைங்கிறா. சாம்பல்ல உக்காந்து அந்தத் தகரப் பெட்டியத் தொறந்து பாத்தா, பூட்டு இல்ல. பூட்டு எங்க போகும்? தீயில உருகியிருக்கும்.

மறுபடி வாங்குனோம். இந்தத் தடவை சனம் பயந்துச்சு. கையெழுத்துப் போட்டவுகள்ல பாதிப் பேரு கதவைத் தொறக்கல. அப்ப செல்லக்கண்ணுதான் ஒரு தைரியம் குடுத்தான். கூட்டத்துல ஏழெட்டுப் பேருதான் இருந்தோம். குவாரிக்காரக எல்லைக் கல்லைப் பிடுங்கி இருநூறு அடி இங்கிட்டுத் தள்ளி நட்டதைத் தன் கண்ணால பாத்ததாச் சொன்னான். ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தப்பப் பாத்திருக்கான். வெள்ளிக்கிழமை அளக்க வர்ற அதிகாரிகிட்ட எடத்தைக் காட்டப் போறேன்னான். வாய் பேசாத மனுசன் தாயி, ஆட்டுகிட்டதான் பேசுவான். அவன் பேசுனதே எங்களுக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தைத்தான் நான் தனபாண்டிகிட்ட சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவனும் சிரிச்சான்.

வியாழக்கிழமை சாயங்காலம் செல்லக்கண்ணு ஆடு பதினாலும் ஓடைக்கரையில கெடந்துச்சு. வாயில நொரை. ஒண்ணு மட்டும் காலை இழுத்துக்கிட்டு இருந்துச்சு, அதுவும் அவன் மடியிலயே அடங்கிருச்சு. அந்த மனுசன் அழுகல. ஒவ்வொண்ணோட காதையும் தொட்டுத் தொட்டுப் பாத்தான். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தாரு, செல்லக்கண்ணு எனக்கு ஒண்ணும் தெரியாது சாமின்னு சொல்லிட்டான். ஆடுன்னா கண்டதைத்தான் மேயும். என்னத்தைத் தின்னுச்சோ. ஆனா ஒண்ணு பாருங்க. அம்புட்டு ஆட்டையும் பொதைக்கக் குழி வெட்ட ஆளு இல்லன்னு தெரிஞ்சதும் குவாரி ஜேசிபிய அனுப்புனது யாரு? தனபாண்டி. எதுத்த பக்கத்து ஆளுன்னு பாக்கல. கூட நின்னு மண்ணு மூடிட்டுத்தான் போனான். அதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாக.

அந்த வாரம் கூட்டத்துல ரெஜினா ஒரு வார்த்தை சொன்னா. இங்க பேசுறது வெளிய போகுதுன்னா. எல்லாரும் தரையப் பாத்தாக. நாந்தான் எந்திரிச்சேன். சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன் செய்யிற வேலையா இது, எவன் காட்டிக் குடுத்தானோ அவன் நாக்கு அழுகிப் போகும்னு மண்ணை வாரித் தூத்துனேன். சுகந்தி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னடி பாக்குறேன்னேன். ஒண்ணுமில்லத்தை, வீட்டுக்குப் போவோம்னா.

அதுல இருந்து அவ என்கிட்டப் பேச்சைக் கொறைச்சுட்டா. கூட்டம் எங்கன்னு சொல்றது இல்ல. கேட்டா, இன்னைக்கு இல்லத்தைங்கிறா. இல்லன்னு சொல்லிட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போறா. போன் வந்தா கொல்லைக்குப் போய்ப் பேசுறா. யாருக்கு ஒளிக்கிறா? எனக்கு. வீடு வீடா நடந்து கையெழுத்து வாங்குனவளுக்கு ஒளிக்கிறா. ஒரு நா நானா ரெஜினா வீட்டுக்குப் போனேன். உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நான் செருப்பைக் கழட்டுற சத்தத்துல அம்புட்டுப் பேரும் அமைதியாகிட்டாக. டீ குடுத்தாக. மழை பெய்யுமான்னு பேசுனாக. ஒரு நாற்காலியப் போட்டு உக்காரவச்சுட்டு அப்புறம் இழுத்தா எப்படி இருக்கும்? அதுக்கு மொதல்லயே போடாம இருந்திருக்கலாம்.

அது செப்டம்பர் இருபது வாக்குல. சுகந்தி கொல்லையில போன்ல பேசுனது என் காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல, பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தேன். செவ்வாக்கிழமை கூத்தம்பட்டிக்குப் போய் அந்த ஊருப் பொம்பளைக கையெழுத்துப் போட்ட நோட்டை வாங்கிட்டு வரப் போறா. அங்க ஒரு பையன் ஆளில்லா வெமானம் விட்டு மலைய மேல இருந்து படம் பிடிச்சிருக்கானாம், அதையும் வாங்கணும். மெயின் ரோட்டுல குவாரி லாரி ஓடுது, அதனால ஸ்கூட்டிய கம்மாய்க்கரை மேல விட்டு வந்துர்றேன், அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்னா. எல்லாத்தையும் எவகிட்டயோ சொல்றா. அவ வர்ற வழி ஊர்ல இருக்கிறவளுக்குத் தெரியுது, ஒரே கூரைக்கு அடியில இருக்கிற எனக்குத் தெரியல.

அந்த ஞாயித்துக்கிழமை தனபாண்டி வந்தப்ப நான் அழுதுட்டேன். என்ன அத்தைங்கிறான். என்னால தாங்க முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். இப்படி ஒளிக்கிறாப்பா, இப்படிக் கூத்தம்பட்டிக்குப் போறாளாம், கம்மாய்க்கரை வழியா வர்றாளாம், மாமியாகாரிகிட்ட ஒரு வார்த்தை இல்லன்னு. அவன் என் கண்ணைத் தொடச்சு விட்டான். பெத்த மகன் செய்யல, அவன் தொடச்சு விட்டான். தனியாவா வருதுன்னு கேட்டான். ஆமான்னேன். அந்தக் கரையில ஆள் நடமாட்டம் இருக்காதே அத்தை, பொம்பளப் புள்ளை, நான் ஒரு ஆளைப் பாத்துக்கச் சொல்றேன்னான். எனக்கு மனசு லேசாயிருச்சு. ரெண்டு வாய் கூடச் சாப்புட்டான் அன்னைக்கு.

செவ்வாக்கிழமை நாலேமுக்காலு. கம்மாய்க்கரையில லாரி போறதே கெடையாது தாயி. மாட்டு வண்டி போகும், சைக்கிள் போகும். அன்னைக்கு டிப்பர் லாரி போயிருக்கு. பிரேக் பிடிக்கலன்னாக. நம்பர் பிளேட்டுல சேறு அப்பியிருந்துச்சாம், மழைக்காலம்ல. இவ ஸ்கூட்டி கம்மாய்க்குள்ள கெடக்கு, இவ கரையில கெடந்தா. வலது காலு முட்டிக்குக் கீழ இல்ல. அவ பை கெடைக்கல. தண்ணியில போயிருக்கும்னாக. மறுநா ஆளை எறக்கித் தேடுனாக, செருப்பு கெடைச்சுச்சு, அவ சோத்து டப்பா கெடைச்சுச்சு, பை கெடைக்கல.

ஆசுபத்திரியில நாலு நா அவ பக்கத்துலயே இருந்தேன். பொய் சொல்லல, பல்லு வெளக்கக் கூட எந்திரிக்கல. நாலாம் நா கண்ணு முழிச்சா. மொதல்ல புள்ளையக் கேட்டா. உங்க அம்மாகிட்ட இருக்குன்னேன். அப்புறம் என்னையப் பாத்தா.

"அத்தை, நான் கரை வழியா வர்றதை யாருகிட்டச் சொன்னீக?"

"நான் யாருகிட்டடி சொல்லப் போறேன்? வெளி ஆளு ஒருத்தர்கிட்ட மூச்சு விடல. நம்ம வீட்டு ஆளுகிட்டத்தான் சொன்னேன்."

அவ மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. நான் கஞ்சி ஊத்திக் குடுத்தேன், வாங்கல. என் மகன் உள்ள வந்தான், அவன் காதுல என்னமோ சொன்னா. அவன் என்னைய வெளிய கூட்டிட்டு வந்து, அம்மா நீ ஊருக்குப் போன்னான். நான் கொண்டு போன கூஜாவைக் கூடத் தரல, அப்படியே பஸ் ஏத்தி விட்டுட்டான்.

இதுல நான் என்ன தப்புச் செஞ்சேன்னு நீங்களே சொல்லுங்க. படிச்சவுக. தனபாண்டியவே கேட்டேன். ஏம்ப்பா, ஆளைப் பாத்துக்கச் சொல்றேன்னியே, சொல்லலையான்னு. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். சொன்னேன்த்தை, அந்த ஆளு போறதுக்குள்ள நடந்து போச்சுன்னான். அன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தேன், தொடல. கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டான். மனசுல ஈரம் இல்லாதவனுக்கு அப்படிச் சோறு எறங்காமப் போகுமா?

கிராம சபை என்னாச்சுன்னு கேக்க மாட்டீகளா? அதுதானே உங்களுக்கு வேணும். நாங்க நூறு பேரு வந்தாப் போதும்னு நெனச்சோம். அன்னைக்கு வந்தது அறுநூறுக்கு மேல. கதவைத் தொறக்காதவுக எல்லாம் வந்தாக. குவாரியில வேலை பாக்குறவுக பொண்டாட்டிமாரு வந்தாக, முக்காடு போட்டுக்கிட்டு. செல்லக்கண்ணு வந்தான். தாசில்தார் இருக்காரு, போலீஸ் இருக்கு, நடுவுல நின்னு எல்லைக் கல்லு கதைய முழுசாச் சொன்னான். உனக்குப் பயம் இல்லையான்னு யாரோ கேட்டதுக்கு, இனி என்கிட்ட என்ன இருக்குன்னான். தீர்மானம் நெறவேறுச்சு. அவுக எல்லாம் எதுக்கு வந்தாகன்னா, தண்ணிக்கும் இல்ல, மலைக்கும் இல்ல. கம்மாயில இருந்து சுகந்தி வண்டியத் தூக்குனதைப் பாத்தவுக. என் வீட்டுல நாளைக்கு யாருன்னு நெனச்சு வந்தவுக. இதை எழுதிக்கங்க, இதை வேற யாரும் சொல்ல மாட்டாக.

நானும் போயிருந்தேன். போகாம இருப்பேனா? முன்னாடி போய் நின்னேன். கூட்டம் நெருக்கி நிக்குது, எள்ளுப் போட்டா எள்ளு விழாது. ஆனா என்னையச் சுத்தி மட்டும் எடம் இருந்துச்சு. நான் ஒரு அடி நகந்தா அவுகளும் ஒரு அடி நகர்றாக. கால் கடுத்துச்சு. யாரும் உக்காருங்கன்னு சொல்லல. கையெழுத்து நோட்டு என் பக்கத்துல வந்துச்சு, அப்படியே என்னையத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சு.

வெடி நிக்கல. கோர்ட்டுல கெடக்கு. இன்னும் நாலு மணிக்கு வெடிக்கும், நீங்க இருந்தாக் கேப்பீக. மேல பாத்தீகளா, தளம் புதுசா இருக்குல்ல? தனபாண்டிதான் ஆளு விட்டுப் பூசிக் குடுத்தான். இந்த ஃபேனும் அவன் வாங்கி மாட்டுனதுதான்.

லாரி கேசு வேற தனியா நடக்குது. அடுத்த மாசம் சுகந்தி வந்து சாட்சி சொல்லணுமாம். டிரைவர் மட்டும் இல்ல, பக்கத்துல இன்னொரு ஆளும் உக்காந்திருந்தான், மூஞ்சியப் பாத்தேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காளாம். அந்த வேகத்துலயும் பயத்துலயும் என்ன மூஞ்சி தெரியும்? யாருன்னு என் மகன்கிட்ட போன்ல கேட்டேன். அதை விடும்மான்னுட்டான். என்கிட்ட அந்தப் பேரைச் சொல்ல மாட்டேங்குறாக.

எங்க இருக்காகன்னும் சொல்ல மாட்டேங்குறாக தாயி. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ஆசுபத்திரியில இருந்து அவ அம்மா வீட்டுக்குப் போனாக. அங்க ரெண்டு மாசம் இருந்தாக. அப்புறம் அங்கேயும் இல்ல. திருப்பூர்லயும் இல்ல, கம்பெனிய விட்டு நின்னுட்டானாம். வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவான். எங்கடா இருக்கீகன்னா, நல்லா இருக்கோம்மாங்கிறான். புள்ளைகிட்டக் குடுடான்னா, தூங்குதுங்கிறான். எந்நேரமும் ஒரு புள்ளை தூங்குமா? மூணு வயசு முடியப் போகுது. என்னைய அப்பத்தான்னு கூப்புடுமோ, மறந்துருச்சோ. ஒரு கவுனு எடுத்து வச்சிருக்கேன், அளவு பத்துமான்னு தெரியல.

நீங்க அவளைப் பாத்துட்டுத்தான் இங்க வந்திருக்கீக. மறைக்காதீக, எனக்குத் தெரியும். டீக்கடையில உங்க டிரைவர் தம்பி பேசிக்கிட்டு இருந்ததைத் தனபாண்டி கேட்டுட்டு வந்து சொன்னான். நீங்க வரப்போறீகன்னு நேத்தே அவன்தான் சொன்னான். நல்லாப் பேசுங்கத்தை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, அப்படியே அவுக எங்க இருக்காகன்னு மட்டும் கேட்டு வைங்கன்னான். நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க புள்ளையப் பாக்கணும், மருமக காலுல விழுந்தாவது பேசித் தீத்துக்கணும், எம்புட்டு நாளைக்கு இப்படித் தனியாக் கெடப்பீகன்னு கேட்டான். அவனுக்கு இருக்கிற பரிவு பெத்தவனுக்கு இல்ல.

போனை அமத்திட்டீகளா? சரி, அமத்துங்க. அவசரமா எந்திரிக்காதீக, டீயை ஒரு வாய் கூடக் குடிக்கலையே. உங்ககிட்ட நான் இம்புட்டு நேரம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெளி ஆளு யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன், என் பேத்தி மேல சத்தியம். தெருவு, வீட்டு நம்பரு எல்லாம் வேணாம். ஊரு பேரை மட்டும் சொல்லுங்க தாயி. மத்ததை அவன் விசாரிச்சுக்குவான்.